நல்ல பல்லைப் பிடுங்குவதா?



ஜெலுத்தோங்கிலோ பட்டர்வொர்த்திலோ ஏதாவதொரு பல் கிளினிக்கில் அரை மணி நேரம் காத்திருந்தால் போதும், இந்தக் கேள்வி காதில் விழாமல் போகாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை. ஆறாம் ஆண்டு முடித்துப் படிவம் ஒன்றுக்குப் போகிற வயது. முன்பற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. கோரைப்பல் இரண்டும் வரிசைக்கு வெளியே, உதட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. கம்பி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லும்போது அம்மாவுக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. அதற்குத் தயாராகத்தான் வந்திருக்கிறார். அடுத்ததைக் கேட்டதும்தான் முகம் மாறுகிறது.

"கம்பிக்கு முன்னால நாலு பல் எடுக்கணும்மா."

"சொத்தைப் பல்லா டாக்டர்?"

"இல்லம்மா, நல்ல பல்தான்."

"நல்ல பல்லை எதுக்கு டாக்டர் பிடுங்கணும்?"

வீட்டுக்கு வந்தால் பாட்டி ஒரு பக்கம், பல் போனால் சொல் போச்சு என்கிறார். சித்தப்பா கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைக் காட்டுகிறார். பல் எடுத்தால் கன்னம் ஒட்டிப்போகும், மூச்சு விடுவதே சிரமமாகும் என்று அதில் யாரோ ஒருவர் அடித்துச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்குப் பல் எடுக்காமலேயே கம்பி போட்டார்களாம். இத்தனைக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்ட அந்தப் பிள்ளை. ரிங்கிட் கணக்கில் செலவு ஆயிரக்கணக்கில். எடுத்த பல்லைத் திரும்ப நடவும் முடியாது.

இப்படிக் கேட்கும் பெற்றோர் விவரம் தெரியாமல் கேட்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. உலகின் பெரிய பல் சீரமைப்பு நிபுணர்களே இந்தக் கேள்விக்காக நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம். முதலில், பல் ஏன் நெருக்கியடித்து நிற்கிறது?

லெபோ பாசாரில் நடந்தவர்களுக்கு ஜார்ஜ்டவுன் கடைவீடுகளைத் தெரியும். முகப்பு குறுகல், தோளோடு தோள் உரசி நிற்கும் வரிசை, முன்னால் ஐந்தடி நடைபாதை. அந்த வரிசையில் பத்து வீட்டுக்கு உள்ள இடத்தில் பதினொன்றைக் கட்டச் சொன்னால் என்ன செய்வது? ஒரு வீட்டைச் சாலைப் பக்கம் தள்ளிக் கட்டலாம். நடைபாதை போய்விடும். வரிசையின் கடைசி வீட்டைப் பின்னுக்கு நகர்த்தலாம், பின்னால் காலியிடம் இருந்தால். ஒவ்வொரு வீட்டின் சுவரையும் கொஞ்சம் செதுக்கலாம். தெருவையே அகலப்படுத்தலாம். எதுவும் முடியாவிட்டால் ஒரு வீட்டை எடுத்துவிட வேண்டியதுதான். 2008-ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த நகரத்தில் இதையெல்லாம் செய்யவிட மாட்டார்கள் என்பது வேறு விஷயம். பல் சீரமைப்பு மருத்துவத்தில் இடம் உண்டாக்கும் வழிகள் எல்லாமே இந்த ஐந்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஆறாவதாக ஒன்றும் உண்டு, அது இருக்கிற இடத்தைப் போகவிடாமல் காப்பது. ஐந்தையும்விட மலிவானது அதுதான். பெற்றோர் பெரும்பாலோர் கேள்விப்படாததும் அதுதான்.

இந்த ஆறாவது வழிக்கும் பினாங்குக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நியூசிலாந்தில் 1921-ல் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைக் கவனிப்பதற்கென்றே இளம் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளிப் பல் தாதியர் என்ற புதிய பணியை உருவாக்கினார்கள். அதே முறையைப் பின்பற்றி மலாயாவில் பல் தாதியர் பயிற்சி தொடங்கியது 1949-ல், இந்தப் பினாங்கில்தான். போர் முடிந்து நாலே ஆண்டு. பல் டாக்டர்கள் விரல்விட்டு எண்ணும் நிலை. பிள்ளைகளின் வாயிலோ சொத்தைக்குப் பஞ்சமில்லை. இங்கே பயின்று போன தாதியர் நாடெங்கும் பள்ளிகளுக்குச் சென்றார்கள். வகுப்பறைக்கு வெளியே வரிசையில் நிற்க வைத்து வாயைத் திறக்கச் சொல்லி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்க்கும் அந்த அக்காமாரைப் பார்த்துப் பயந்து கழிவறையில் ஒளிந்துகொண்டவர்கள் இன்று தாத்தா பாட்டி ஆகியிருப்பார்கள்.

அவர்கள் செய்த வேலையில் முக்கியமான ஒன்று, பால்பல்லை அடைத்துக் காப்பாற்றியது. "விழப்போகிற பல்தானே, அதற்கு எதற்கு அடைப்பு?" என்று இன்றைக்கும் கேட்கும் பெற்றோர் உண்டு. பால்பல் மெல்லுவதற்கு மட்டும் இல்லை, பின்னால் வரப்போகும் நிலைப்பல்லுக்கு அது இடம் பிடித்து வைத்திருக்கிறது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போலத்தான். ஆறு வயதில் முதல் நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதற்கு முன்னால் நிற்கும் பால் கடைவாய்ப்பல் பத்து, பதினொரு வயது வரை நிற்க வேண்டியது. அது சொத்தையாகி ஏழு வயதில் பிடுங்கப்பட்டால், பின்னால் இருக்கும் பெரிய பல் முன்னால் சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பத்து வயதில் வர வேண்டிய முன்கடைவாய்ப்பல் வந்து பார்த்தால் இடம் இல்லை. நாக்குப் பக்கமாகவோ கன்னத்துப் பக்கமாகவோ முளைக்கும். சில சமயம் எலும்புக்குள்ளேயே தங்கிவிடும். இப்படி உண்டாகும் நெருக்கடிக்குப் பரம்பரை காரணமில்லை. இனிப்பும் அலட்சியமும் செய்த வேலை.

பால்பல்லைக் காப்பாற்ற முடியாமல் எடுத்தாலும் வழி உண்டு. பக்கத்துப் பல்லில் ஒரு வளையம் மாட்டி, அதிலிருந்து ஒரு கம்பி வளைவை அந்த இடைவெளியில் நிறுத்திவிடுவார்கள். இடம் காக்கும் கருவி என்று இதைச் சொல்லலாம். முழுச் சீரமைப்புச் சிகிச்சையோடு ஒப்பிட்டால் இதன் செலவு சொற்பம்.

இன்னொரு சங்கதி, பால்பல் எல்லாம் ஒழுங்காக இருக்கும் பிள்ளைகளுக்கு. பால் கடைவாய்ப்பற்கள், அவற்றின் இடத்தில் வரும் முன்கடைவாய்ப்பற்களைவிட அகலமானவை. அதனால் அவை விழுந்து புதியவை வரும்போது கொஞ்சம் இடம் மிச்சமாகிறது. கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்குச் சராசரியாகச் சுமார் 2 மில்லிமீட்டர், மேல்தாடையில் சுமார் 1 மில்லிமீட்டர். ஹேஸ் நான்ஸ் என்ற அமெரிக்க நிபுணர் 1947-ல் இதை அளந்து எழுதினார். இயற்கை இந்த மிச்சத்தைச் சும்மா விடாது, பின்னால் உள்ள கடைவாய்ப்பல் முன்னால் நகர்ந்து விழுங்கிவிடும். அது நகராமல் இருக்க, கீழ்த்தாடையின் உட்புறமாக, நாக்கை ஒட்டி ஒரு கம்பியை வளைத்துப் போட்டால், இரண்டு பக்கமும் சேர்த்து 4 மில்லிமீட்டர் வரை கையில் இருக்கும். முன்பற்களின் சிறிய நெருக்கடி தீர அது போதும். ஆனால் கடைசிப் பால் கடைவாய்ப்பல் விழுவதற்கு முன்பே பிள்ளை டாக்டரிடம் போயிருக்க வேண்டும். அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர்கள் சங்கம் ஏழு வயதுக்குள் ஒருமுறை நிபுணரிடம் காட்டச் சொல்கிறது. உடனே கம்பி போடுவதற்காகச் சொல்லவில்லை, வரப்போவதை முன்கூட்டிப் பார்ப்பதற்காகத்தான். நம் வீடுகளில் நடப்பது வேறு. "பல்லெல்லாம் விழுந்து முளைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அப்புறம் பார்க்கும்போது அந்த 4 மில்லிமீட்டர் போயே போய்விட்டிருக்கும்.

சரி, இடத்தைக் காக்கவில்லை, நெருக்கடி வந்துவிட்டது. டாக்டர் என்ன செய்கிறார்? முதலில் அளக்கிறார். வாயில் அச்செடுத்து மாவுக்கட்டில் பல் வரிசையை வார்த்து, அல்லது இப்போது கணினியில் படமாக எடுத்து, ஒவ்வொரு பல்லின் அகலத்தையும் கூட்டுகிறார். தாடை வளைவில் உள்ள இடத்தை அளக்கிறார். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பற்றாக்குறை தெரியும். பாடப்புத்தகங்கள் ஒரு பொதுக் கணக்குச் சொல்கின்றன. 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பல் எடுப்பது அரிது. 10 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் எடுக்கத்தான் வேண்டும். 5 முதல் 9 வரை உள்ளதுதான் தகராறு பிடித்த இடம். முகத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரே, உதட்டின் நீட்சி, ஈறின் கனம், பிள்ளை வளர இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் அங்கே முடிவு செய்ய முடியும். அந்த வட்டத்தில் உள்ள ஒரு பிள்ளையை இரண்டு நல்ல டாக்டர்களிடம் காட்டினால் இரண்டு பதில் வரலாம். அதனால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று ஆகிவிடாது.

இடம் உண்டாக்கும் வழிகள் ஒவ்வொன்றும் எவ்வளவு கொடுக்கும் என்று தெரிந்துகொண்டால் பக்கத்து வீட்டு அக்காவின் மகள் கதைக்கும் விடை கிடைக்கும்.

சுவரைச் செதுக்குவது, அதாவது பல்லின் பக்கவாட்டு எனாமலை மெல்லியதாகத் தேய்ப்பது. 1985-ல் ஜான் ஷெரிடன் என்ற அமெரிக்கர் இதற்கு ஒரு முறையான வழியை வகுத்தார். இரண்டு பல் தொடும் இடத்தில் ஒரு பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர் எடுத்தால் மொத்தம் அரை. முன்பற்கள் ஆறுக்கு இடையே ஐந்து சந்திப்புகள். ஆக 2.5 மில்லிமீட்டர். சின்ன நெருக்கடிக்குச் சரியான மருந்து, பெரியதுக்குக் காணாது.

தெருவை அகலப்படுத்துவது. மேல்தாடை நடுவில் ஓர் எலும்பு இணைப்பு இருக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கு அது இன்னும் இறுகியிருக்காது. அண்ணத்தில் ஒரு திருகு கருவி வைத்து, ஒரு திருகலுக்குக் கால் மில்லிமீட்டர் வீதம் அம்மாவோ அப்பாவோ வீட்டிலேயே சாவி போட்டுத் திருகிவிடுவார்கள். சில வாரங்களில் முன்பற்களுக்கு நடுவே ஒரு சந்து திறக்கும். அதைக் கண்டு பதறாதீர்கள், கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம். சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் 1860-லேயே இதைச் செய்து காட்டினார். அன்று யாரும் நம்பவில்லை. நூறு ஆண்டு கழித்து, 1961-ல் ஆண்ட்ரூ ஹாஸ் எழுதிய பிறகுதான் பரவியது. பதினைந்து பதினாறு வயதுக்கு மேல் இணைப்பு இறுகிவிடும். கீழ்த்தாடையிலோ குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் இணைப்பு கூடிவிடும். எனவே "கீழ்த்தாடையை விரிக்கிறோம்" என்று யாராவது சொன்னால், எலும்பை விரிக்கப் போவதில்லை, பல்லைச் சாய்க்கப் போகிறார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று, விரித்த அளவு அப்படியே இடமாகக் கிடைக்காது. முன்கடைவாய்ப்பற்களுக்கு இடையே 1 மில்லிமீட்டர் விரித்தால் வளைவில் சுமார் 0.7 மில்லிமீட்டர்தான் தேறும்.

வரிசையைச் சாலைப் பக்கம் தள்ளுவது எளிது. முன்பற்களை 1 மில்லிமீட்டர் முன்னால் கொண்டுவந்தால் 2 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். ஆசை காட்டும் கணக்கு! பல் உள்ளே விழுந்து உதடு தட்டையாக இருப்பவருக்கு இது நல்லதும்கூட. ஆனால் ஏற்கெனவே பல் எடுப்பாக இருக்கும் முகத்துக்கு இதைச் செய்தால், வரிசை நேராகிவிடும், வாய் மூடாது. பல்லுக்கு முன்னால் உள்ள எலும்பு சில இடங்களில் காகிதக் கனம்தான். அதைத் தாண்டித் தள்ளினால் ஈறு கீழே இறங்கி வேர் தெரியும். அது இருபத்தைந்து வயதில் தெரியும், கம்பி கழற்றிய அன்று தெரியாது.

கடைசி வீட்டைப் பின்னுக்கு நகர்த்துவது ஒரு காலத்தில் தலைக்குப் பின்னால் பட்டை மாட்டிச் செய்த வேலை. பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்று பிள்ளைகள் மாட்டவே மாட்டார்கள். ஜப்பானியர் கனோமி 1997-ல் சின்னஞ்சிறு திருகாணியை எலும்பில் செலுத்தி அதையே பிடிமானமாக்கிக் காட்டிய பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. பல பெரியவர்களுக்கு இன்று பல் எடுக்காமல் தப்ப முடிவது இந்தத் திருகாணியால்தான்.

எல்லாவற்றுக்கும் பிறகு மிஞ்சுவது பல் எடுப்பது. ஒரு முன்கடைவாய்ப்பல்லின் அகலம் சுமார் 7 மில்லிமீட்டர். ஒரு தாடையில் இரண்டு எடுத்தால் 14. வேறெந்த வழியும் இதற்குப் பக்கத்தில்கூட வராது. ஏன் அந்தப் பல்? நெருக்கடி இருக்கும் முன்வரிசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதே வடிவத்தில் அதே வேலையைச் செய்யும் இன்னொரு பல் அதன் பின்னாலேயே நிற்கிறது. எடுத்த இடம் காலியாக நிற்காது. கோரைப்பல் மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் பின்னால் நகர்ந்து அதை நிரப்பிவிடும். சிகிச்சை முடிந்த பிறகு எந்தப் பல் எடுக்கப்பட்டது என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். பாட்டியின் பழமொழி சொல்வது பொக்கை வாயைப் பற்றி. இங்கே சொல்லுக்கு ஒரு குறையும் வராது.

இனி அந்தச் சண்டையின் கதை. 1900-ல் செயின்ட் லூயிஸ் நகரில் உலகின் முதல் பல் சீரமைப்புப் பள்ளியைத் தொடங்கிய எட்வர்ட் ஏங்கிள், முப்பத்திரண்டு பல்லும் இருந்தால்தான் முகம் அழகு என்று அடித்துச் சொன்னவர். பல்லை வரிசைப்படுத்திவிட்டால் எலும்பு தானே வளர்ந்து இடம் கொடுக்கும் என்பது அவர் நம்பிக்கை. தொடக்கத்தில் அவர் மனத்தில் இருந்த அழகு, அப்பொல்லோ என்ற கிரேக்கக் கடவுளின் பளிங்குச் சிலை. எல்லா முகத்துக்கும் ஒரே அழகு இல்லையப்பா என்று அவரிடம் எடுத்துச் சொன்னவர் உர்ப்பெல் என்ற ஓவிய ஆசிரியர். டாக்டருக்கு ஓவியர் பாடம் சொன்ன கதை! 1911-ல் கால்வின் கேஸ் என்பவர், சிலருக்குப் பல் எடுத்தே ஆக வேண்டும் என்று பல் மருத்துவர் மாநாட்டில் வாதாடினார். ஏங்கிளின் மாணவர் மார்ட்டின் டூயி எதிர்த்து நின்றார். அன்று வென்றது ஏங்கிள் பக்கம்.

1930-ல் ஏங்கிள் மறைந்தார். அவருடைய சீடர்களில் ஒருவரான சார்லஸ் ட்வீட், அரிசோனா மாநிலத்தில் குருவின் வழியிலேயே ஆண்டுக்கணக்கில் சிகிச்சை செய்தார். பிறகு தன்னுடைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். பலருக்குப் பல் மறுபடியும் கோணியிருந்தது, பலருக்கு வாய் துருத்திக்கொண்டு நின்றது. அவர்களில் நூறு பேருக்கு நான்கு முன்கடைவாய்ப்பற்களை எடுத்து, கட்டணம் வாங்காமல் மறுபடியும் சிகிச்சை செய்து, 1940-ல் முன்னும் பின்னும் எடுத்த அச்சுகளை வரிசையாக வைத்துக் காட்டினார். குருத்துரோகம் என்று சிலர் ஏசினார்கள். ஆனால் மேசை மேல் இருந்த மாவுக்கட்டுப் பற்களோடு யார் வாதாட முடியும்?

ஏங்கிளின் இன்னொரு மாணவர் ரேமண்ட் பெக், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் இருந்தவர். அவர் பழங்குடி மக்களின் மண்டையோடுகளை ஆராய்ந்து, 1954-ல் வேறொரு விளக்கம் சொன்னார். மணலும் நாரும் கலந்த முரட்டு உணவை மென்று மென்று அவர்களின் பற்கள் பக்கவாட்டில் தேய்ந்து, ஒரு முன்கடைவாய்ப்பல் அகலத்துக்கு இடம் தானாகவே கிடைத்துவிடுகிறது. மென்மையான சோறு தின்னும் நமக்கு அது இல்லை. டாக்டர் பல்லெடுப்பது இயற்கை செய்யாமல் விட்ட வேலையைச் செய்வதுதான் என்றார். தேய்மானத்தின் அளவைப் பிற்கால ஆய்வாளர்கள் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் உணவுக்கும் தாடைக்கும் தொடர்பு உண்டு என்ற பக்கம் ஆதாரம் சேர்ந்தது. ராபர்ட் கொருச்சினி என்ற மானுடவியலாளர் 1980-களில் சண்டிகர் பக்கத்துப் பஞ்சாபியரிடையே பார்த்தபோது, ஒரே இனத்தவரானாலும் கிராமத்து இளையோரைவிட நகரத்து இளையோருக்குப் பல் கோணல் கூடுதலாக இருந்தது. மரபணு அவ்வளவு சீக்கிரம் மாறாது, சாப்பாடு மாறும். கரும்பும் வறுத்த கடலையும் கடித்த வாய்க்கும், ரொட்டியைப் பாலில் நனைத்து விழுங்கும் வாய்க்கும் தாடை வளர்ச்சி ஒன்றுபோல இருக்குமா?

ட்வீடுக்குப் பிறகு ஊசல் அந்தப் பக்கம் போய்விட்டது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக கிளினிக்கில் வில்லியம் புரோஃபிட் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார். 1953-ல் நூற்றுக்கு 30 பேருக்குப் பல் எடுத்திருக்கிறார்கள். 1968-ல் 76 பேருக்கு! 1993-ல் மறுபடியும் 28. இந்த நாற்பது ஆண்டில் மனிதனின் தாடை விரிந்து சுருங்கவில்லை, டாக்டர்களின் நம்பிக்கைதான் விரிந்து சுருங்கியது. எல்லாருக்கும் எடுப்பேன் என்பவரும், யாருக்குமே எடுக்க மாட்டேன் என்று விளம்பரம் செய்பவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். அளந்து பார்க்காமல் பதிலை முன்பே கையில் வைத்திருக்கிறார்கள்.

சித்தப்பாவின் காணொளிக்கு வருவோம். முகம் ஒட்டிப்போகுமா? எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம் என்ற எல்லையில் இருந்த நோயாளிகளை, சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்து லைசில் ஜான்ஸ்டன் குழுவினர் பார்த்து 1992-ல் எழுதினார்கள். பல் எடுத்தவர்களின் உதடு மற்றவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 2 மில்லிமீட்டர் உள்ளே இருந்தது. அவ்வளவுதான். துருத்திய வாய்க்கு இந்த 2 மில்லிமீட்டர் வரம், தட்டையான முகத்துக்கு நஷ்டம். தமிழர் முகங்களில் உதடு கொஞ்சம் நிறைவாக, பல் கொஞ்சம் முன்னே இருப்பது சாதாரணம். வெள்ளைக்காரர் முகத்துக்கு எழுதிய அளவுகோலை வைத்து இந்த முகங்களைத் தீர்மானிக்கக் கூடாது. எந்தப் பக்கமும் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தாடை மூட்டு கெட்டுப்போகும் என்ற பயம் 1987-ல் மிச்சிகனில் நடந்த ஒரு வழக்கால் பெரிதானது. நடுவர் குழு நோயாளி பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு நடந்த ஆய்வுகளில் பல்லெடுப்புக்கும் மூட்டுக்கோளாறுக்கும் தொடர்பு காணப்படவில்லை. மூச்சுத்திணறல் புகாரையும் அமெரிக்கச் சங்கம் 2019-ல் அலசிப் பார்த்து, பல் எடுப்பதால் தூக்கத்தில் மூச்சடைப்பு வருவதற்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கை வெளியிட்டது. ஞானப்பல் முளைத்துத் தள்ளுவதால்தான் முன்பல் நெருங்குகிறது என்ற வீட்டு நம்பிக்கையும் சோதனையில் நிற்கவில்லை. 1998-ல் பிரிட்டனில் வெளிவந்த ஆய்வில் ஞானப்பல்லை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இவ்வளவு அளவும் கணக்கும் தேவைப்படும் வேலையை, ஹோட்டல் அறையிலும் வாடகை வீட்டிலும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நேயர்களில் இளையோருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். "போலி பிரேசஸ்" இந்த நாட்டில் ஒரு தொழிலாகவே நடந்திருக்கிறது. முகநூலில் விளம்பரம், சில நூறு ரிங்கிட், வண்ண வண்ண ரப்பர். 2017-ல் மலாக்காவில் இருபது வயதுப் பெண் ஒருவருக்கு, உரிமம் இல்லாமல் பல் கிளினிக் நடத்தியதற்காக நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. யூடியூப் பார்த்துத் தொழில் கற்றவர் என்று செய்தி வந்தது. அபராதம் கட்ட முடியாமல் சிறைக்குப் போன அவருக்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்டப்பட்டது. இரக்கம் நல்ல குணம்தான். அவரிடம் பல்லைக் கொடுத்தவர்களுக்காக யாரும் திரட்டியதாகத் தெரியவில்லை. 2022 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த 2018-ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டத்தின்படி, பதிவு இல்லாமல் பல் மருத்துவம் செய்தால் 300,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

பசையால் ஒட்டிய கம்பி ஏன் ஆபத்து? பல் எலும்பில் ஆணியடித்து நிற்கவில்லை, மெல்லிய நார்களில் தொங்குகிறது. மெதுவாக அழுத்தினால் ஒரு பக்கம் எலும்பு கரைந்து மறுபக்கம் வளர்ந்து, பல் நகரும். கணக்கில்லாமல் இழுத்தால் வேரே கரையும், பல் ஆட்டம் காணும். இடம் உண்டாக்காமல் நெருக்கடிப் பல்லில் கம்பி மாட்டினால் முன்பற்கள் போக வேறு திசை இல்லை, வெளியே சாயும். எக்ஸ்ரே எடுக்காமல் மாட்டுபவருக்கு, எலும்புக்குள் ஒரு கோரைப்பல் படுத்திருப்பது தெரியவே தெரியாது.

சட்டப்படியான கம்பெனி என்றாலும் எச்சரிக்கை தேவைதான். வாய்க்குள் டாக்டர் பார்க்காமலேயே தபாலில் தெளிந்த பிளாஸ்டிக் உறை அனுப்பிய ஸ்மைல்டைரக்ட்கிளப் என்ற அமெரிக்க நிறுவனம் 2014-ல் தொடங்கி, 2023 டிசம்பரில் திடீரென்று கடையை மூடியது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பிளாஸ்டிக் உறையில் குற்றமில்லை. நல்ல நிபுணர் கையில் அது நல்ல கருவி. இடக் கணக்கு மட்டும் கம்பிக்கும் உறைக்கும் ஒன்றுதான்.

மலிவான வழியைத் தேடுகிறவர்களைத் திட்டி என்ன பயன்? தனியார் கிளினிக்கில் கட்டணம் எட்டாத உயரம், அரசாங்க நிபுணரிடம் கட்டணம் குறைவு, காத்திருப்போர் பட்டியல் நீளம். சில ஆண்டுகள் ஆகும் என்பதால்தான் பெயரைச் சீக்கிரம் பதிந்துகொள்ள வேண்டும். பள்ளிக்கு வரும் பல் தாதியரோ அரசாங்க பல் கிளினிக் டாக்டரோ பரிந்துரைக் கடிதம் தந்தால் அதை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். தனியாரிடம் போவதென்றால், மலேசிய பல் மருத்துவ மன்றத்தின் பதிவில் அவர் பெயர் இருக்கிறதா, நிபுணர் என்று சொல்கிறவர் நிபுணர் பட்டியலில் இருக்கிறாரா என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே போனதும், "எத்தனை மில்லிமீட்டர் பற்றாக்குறை டாக்டர்? எடுக்காவிட்டால் பல் எங்கே போய் நிற்கும்?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார், அச்சை எடுத்து மேசை மேல் வைத்துக் காட்டுவார். சந்தேகம் தீராவிட்டால் இன்னொரு நிபுணரிடம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நெருக்கடி என்பது காய்ச்சல் இல்லை, ஒரு மாதம் யோசித்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒன்றரை, இரண்டு ஆண்டு கம்பியோடு வாழப் போவது அவன்தான், அவள்தான். தெற்றுப்பல் தனக்குப் பிடித்திருக்கிறது, இருக்கட்டும் என்று சொல்லும் பிள்ளையும் உண்டு. துலக்க முடிந்து, கடி சரியாக இருந்து, ஈறு நன்றாக இருந்தால், அப்படியே விட்டுவிடுவதும் ஒரு சிகிச்சை முடிவுதான். ஜப்பானில் சிங்கப்பல்லை அழகு என்று சொல்வார்கள். சிலர் காசு கொடுத்து ஒட்ட வைத்துக்கொண்ட கூத்தும் அங்கே நடந்தது.

கம்பி கழற்றிய அன்று புகைப்படம் எடுத்து அனுப்பிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். சியாட்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் குழுவினர், முன்கடைவாய்ப்பல் எடுத்துச் சிகிச்சை பெற்ற 65 பேரை, பிடிப்புக் கருவியை நிறுத்திப் பத்து ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். 1981-ல் வெளியிட்ட முடிவு டாக்டர்களையே திடுக்கிட வைத்தது. மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கீழ் முன்பற்கள் திருப்தியாக இல்லை. பல் எடுத்து இடம் உண்டாக்கியதே மறுபடி கோணாமல் இருப்பதற்காக என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி. சிகிச்சையே செய்யாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்கத்தான் செய்கின்றன. எனவே இரவில் மாட்டும் பிடிப்புத் தட்டையோ, முன்பற்களின் பின்புறம் ஒட்டும் மெல்லிய கம்பியையோ ஆண்டுக்கணக்கில் விடாமல் வைத்திருக்கச் சொல்கிறார்கள். அந்தத் தட்டு தொலைவது பெரும்பாலும் சாப்பாட்டு மேசையில்தான். நாசி கண்டார் கடையில் கழற்றி டிஷ்யூ தாளில் சுற்றி வைப்பார்கள். மேசை துடைக்க வரும் பையன் குப்பையோடு வாரிப் போட்டுவிடுவான். ஒரு டப்பாவைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். தொலைந்தால், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அதே வாரம் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள்.